கையெழுத்துக்கு முன்னால்

ஒரு காரியாலயத்தை உலகம் அறிவது அதன் தலைவரின் கையொப்பத்தாலும் வட்ட முத்திரையாலுமே என்றாலும், அந்தக் கையொப்பம் எந்தத் தாளின் அடியில், எந்த விதியின் ஆதரவில், எந்த முன் உத்தரவுக்கும் முரணில்லாமல், எந்தத் தேதிக்குள் விழ வேண்டும் என்பதையெல்லாம் ஆராய்ந்து, அந்தத் தாளை உரிய நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற பிரயாசை முழுவதும் பெயர் வெளிவராத ஒரு சிப்பந்தியுடையது. முன்னாளில் குமாஸ்தா என்று அறியப்பட்ட அவர் இன்று அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவும் தட்டச்சராகவும், தனியார் நிறுவனத்தில் நிர்வாக உதவியாளராகவும் இருக்கிறார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற வேலைதானே, அதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்று எண்ணுவோர் நம்மிடையே அநேகர். புதுக்கடையைப் போன்ற ஒரு சிறிய ஊரில் அந்த உத்தியோகம் எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால் அந்த எண்ணம் மாறக்கூடும் என்பது என் நம்பிக்கை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கும் இடையில், தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் செழித்த மேட்டு நிலங்களுக்கு நடுவே அமைந்த பேரூராட்சி புதுக்கடை. பேரூராட்சி அலுவலகம், காவல் நிலையம், வங்கிகள், பள்ளிக்கூடங்கள், சுற்றுவட்டாரத்து முந்திரி ஆலைகள் என்று, எழுத்து வேலையை நம்பி நடக்கிற ஸ்தாபனங்கள் இங்கே குறைவில்லை. விளவங்கோடு தாலுகாவின் தெற்குப் பகுதியைப் பிரித்து 2019இல் கிள்ளியூர் தாலுகா அமைந்தபோது, நிர்வாகம் மக்களுக்கு அருகில் வந்தது. அதோடு புதிய பெயர்ப்பலகைகளும், புதிய எல்லைகளும், பழைய அலுவலகத்திலிருந்து பிரித்து எடுத்துவர வேண்டிய கோப்புகளும் வந்தன. ஓர் அரசாணை ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதன்படி கோப்புகளைக் கிராமவாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டு, கட்டி, ஒப்படைத்து, ஒப்புகை பெறுகிற வேலை உதவியாளரின் மேசையில் பல மாதங்கள் நீடிக்கிறது.

ஒரு மனு வந்து சேர்வதிலிருந்து தொடங்குவோம். அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொரு கடிதமும் தபாலாகப் பிரிக்கப்பட்டு, தேதி முத்திரை பெற்று, பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, ஒரு ந.க. எண்ணோடு உரிய இருக்கையின் உதவியாளரிடம் வருகிறது. அவர் அதைத் தன்பதிவேட்டில் வரவு வைத்து, சம்பந்தப்பட்ட பழைய கோப்பைப் பதிவறையிலிருந்து தேடி எடுத்துச் சேர்த்து, விதியையும் முன் உதாரணத்தையும் காட்டிக் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் வழியாக மேலே அனுப்பி, உத்தரவு பெற்று, வரைவு தயாரித்து, ஒப்புதலான வரைவுக்குச் சுத்த நகல் எடுத்து, கையொப்பம் வாங்கி, அனுப்புகைக்குக் கொடுத்து, பதில் வராவிட்டால் நினைவூட்டு எழுதி, காரியம் முடிந்த பின் அந்தக் கோப்பு ஓராண்டு காக்கத்தக்கதா, மூன்றாண்டா, பத்தாண்டா என்று யோசித்து ஓ.மு., மூ.மு., ப.மு. என்ற குறிகளில் ஒன்றை இட்டு மூட வேண்டும். சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்னும் பெயரால் வழங்கிய இந்த முறை, ஒரு காகிதம் எந்த நேரத்தில் எவர் கையில் இருக்கிறது என்பதைத் தவறாமல் காட்டவல்லது. பல தலைமுறைகள் கடந்தும் அதன் எலும்புக்கூடு நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் இதைப் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி மையத்தில் பாடமாகக் கற்று வருகிறார்கள். ஆனால் பாடத்தில் ஓர் உதவியாளருக்கு ஓர் இருக்கைதான் உண்டு. நடைமுறையில், பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது, ஒருவரே இரண்டு மூன்று இருக்கைகளின் கூடுதல் பொறுப்பைச் சுமக்கிறார். தன்னுடைய நிலுவையோடு, தனக்கு முன்பு அங்கே இருந்து மாறுதலாகிப் போனவரின் நிலுவைக்கும் அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோப்பு ஒழுங்காக நகர்வதற்கு இடையறாத கவனம் வேண்டும். இன்றைய காரியாலயம் உதவியாளருக்கு மறுப்பது அந்தக் கவனத்தைத்தான். முன்பு மேலிடத்து உத்தரவு தபாலில் வந்தது. இன்று அது கைப்பேசியில், வாட்ஸ்அப் குழுவில், நேரங்காலமின்றி வருகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்புக என்று காலை பதினொன்றுக்கு ஒரு செய்தி. அதே விவரத்தை வேறு பத்திகள் கொண்ட வேறொரு படிவத்தில் கேட்டுப் பிற்பகலில் மற்றொரு செய்தி. சொல்வதற்கு ஒன்றுமில்லாதபோதும் அதைச் சொல்லி அனுப்ப வேண்டிய இன்மை அறிக்கை வேறு. எதிரே ஒரு முதியவர் தம் வாரிசுச் சான்றுக்காகக் காத்து நிற்க, உதவியாளர் தலைநிமிராமல் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிற எவருக்கும் அது அலட்சியமாகவே தோன்றும். அந்த நேரத்தில் அவர் நிரப்பிக்கொண்டிருப்பது மேலதிகாரி மறுபடியும் கேட்டிருக்கிற, நேற்றே அனுப்பிய அதே அட்டவணையாக இருக்கலாம் என்பதை அந்த முதியவர் அறிய வழியில்லை.

இவை தமிழகமெங்கும் பொதுவான சிரமங்கள். விளவங்கோட்டுப் பகுதியின் உதவியாளருக்கு இவற்றுக்கு மேலும் ஒன்று உண்டு. அது சரித்திரம் அவர் மேசையில் வைத்துவிட்டுப் போன சுமை.

திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் தென்கோடித் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய கிளர்ச்சியில், 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து உயிர்கள் பலியாயின. ஆண்டுதோறும் அந்தத் தியாகிகளை இந்த ஊர் நினைவுகூர்கிறது. தாய்மொழியில் மனு எழுதவும், தாய்மொழியில் பதில் பெறவும், கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் தமக்குப் புரிகிற மொழியில் தம் காரியம் நடக்கவும் வேண்டும் என்பது அந்தக் கிளர்ச்சியின் நியாயங்களில் தலையாயது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதே ஆண்டின் இறுதியில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் அந்த மாநிலத்தில் நிறைவேறியது. எல்லை ஒரே நாளில் மாறிவிட்டது. அலமாரிகளில் இருந்த காகிதங்கள் மாறவில்லை. நில உரிமையும் வரியும் குறித்த பழைய பதிவுகள் பலவும் மலையாளத்தில் இருந்தன. நேற்றுவரை ஒரு மொழியில் கணக்கெழுதிய அதே சிப்பந்திகள் மறுநாள் முதல் வேறு மொழியில், வேறு மாநிலத்தின் விதிமுறைப்படி, வேறு படிவங்களில் எழுதத் தொடங்கினார்கள். தியாகிகளுக்குக் கல்லெழுப்பிய நாம், அவர்கள் கேட்டதைக் காகிதத்தில் நிறைவேற்றிய அந்தக் குமாஸ்தாக்களைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சுமை இன்றும் தீர்ந்தபாடில்லை. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்க விரும்புகிற ஒருவர் தம் பாட்டனார் காலத்து ஆதாரத்தை எடுத்து வருகிறார். அது மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு தேதியிட்டு, அந்தக் காலத்து சர்வே எண்ணோடு இருக்கிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்க மாதத்தில் பிறப்பது. ஆகையால் 1100ஆம் ஆண்டு துலா மாதத்து ஆதாரம் கிறிஸ்து ஆண்டு 1924ஐச் சேர்ந்ததாகவும், அதே 1100இன் மகர மாதக் கடைசியில் எழுதிய ஆதாரம் 1925ஐச் சேர்ந்ததாகவும் ஆகிறது. ஒரே எண்ணைக் கூட்டி எல்லாத் தேதிகளையும் மாற்றிவிடலாம் என்று அவசரப்படுகிற உதவியாளர் ஓர் ஆண்டைப் பிழையாக எழுதிவிடுவார்; அந்த ஓர் ஆண்டுப் பிழை பின்னாளில் இரண்டு சகோதரர்களை நீதிமன்றத்தில் நிறுத்தும். இதற்கு மேல் வருவாய்த் துறைக்கு ஜூலையில் பிறக்கிற பசலி ஆண்டு ஒன்று உண்டு. ஜமாபந்திக் கணக்கு அதன்படிதான் முடிய வேண்டும். வரவு செலவுக்கு ஏப்ரலில் பிறக்கிற நிதி ஆண்டு. பேரூராட்சியின் சொத்து வரிக்கோ அரையாண்டுகள். இத்தனை ஆண்டுகளையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு, எந்தக் காகிதத்துக்கு எது பொருந்தும் என்று கண நேரத்தில் உணர்ந்து எழுதுகிற பழக்கம் தேர்வெழுதி வருவதன்று. பழகிப் பழகி வருவது.

அளவைகளும் அவ்வாறே. இந்த வட்டாரத்தில் நிலத்தைச் சென்ட் கணக்கிலேயே பேசுவார்கள். பட்டாவிலோ ஹெக்டேரும் ஆரும் இருக்கும். ஓர் ஆர் என்பது ஏறக்குறைய இரண்டரைச் சென்ட் என்பதால், ஐந்து சென்ட் வீட்டு மனைக்காரர் தம் பட்டாவில் இரண்டு ஆர் என்று கண்டவுடன் பாதிக்கு மேல் பறிபோய்விட்டதென்று பதறி ஓடி வருகிறார். அவரை உட்கார வைத்துத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவது எந்தப் பதிவேட்டிலும் வரவு வைக்கப்படாத வேலை. பழைய சர்வே எண்ணும் மறு நில அளவைக்குப் பின் வந்த எண்ணும் பொருந்தாத இடங்களில் இந்தப் பதற்றத்துக்கு உண்மையான காரணமும் இருக்கக்கூடும். அப்போது கணக்குப் போட்டுக் காட்டினால் மட்டும் போதாது, இரண்டு பதிவுகளையும் எதிரெதிரே விரித்து வைத்துக்கொண்டு ஒப்புநோக்க வேண்டும். வாரிசுரிமையிலும் சிக்கல் உண்டு. இந்த மாவட்டத்தில் சில சமூகங்களிடையே மருமக்கள் வழி நிலவிய காலத்து ஆதாரங்களில், இறந்தவரின் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிருக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அந்த முறை 1926இல் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. அதை அறியாத வெளி மாவட்டத்து இளைஞர் ஒருவர் இங்கே உதவியாளராக வந்து அந்த ஆதாரத்தைப் படித்தால், வாரிசு விவரம் பிழையென்று எண்ணி மனுவைத் திருப்பிவிட நேரும். ஆகவே இந்த மேசைக்கு, விதிப்புத்தகத்தோடு, ஊரின் சரித்திரமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்துப் பொறிகளின் வரலாற்றிலும் இந்தத் தொழிலாளருக்கு ஒரு பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய், அங்கே ஒரு வர்த்தக நிறுவனத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு உருவம் கொடுத்தவர். காரியாலய வேலையின் தேவை எது என்பதை மேசையிலேயே இருந்து அறிந்தவர் அமைத்ததனாலோ என்னவோ, அந்த விசை அமைப்பில் பழகிய விரல்கள் பின்னாளில் வந்த எதற்கும் எளிதில் இணங்கவில்லை. 1999இல் தமிழ்99 விசைப்பலகை வந்தபோதும் பழைய தட்டச்சர்கள் தம் பழைய அமைப்பையே கணினியிலும் தொடர்ந்தார்கள். வானவில் முதலான எழுத்துருக்களில் பல்லாண்டுகள் அடித்துச் சேர்த்த ஆவணங்கள், 2010இல் அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பிறகு, வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியத் தொடங்கின. ஒரே கடிதத்தைப் பழைய எழுத்துருவில் தேடி, மாற்றி, பிழை திருத்தி, மறுபடி அடிக்கிற இந்தப் பிரயாசையைக் கணினிமயமாக்கத்தின் ஒரு பகுதியாக எந்த அறிக்கையும் காட்டியதில்லை. தமிழ்நிலம் போன்ற இணைய ஏற்பாடுகளால் பட்டா விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது என்பது மெய்யாகவே பெரிய நன்மை. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் திரையில் தெரிகிற பெயரில் ஓர் எழுத்து பிசகினால், அந்தப் பிசகு பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டிலும் வேறு வேறு வடிவம் எடுத்து, மீண்டும் அதே உதவியாளரின் மேசைக்குத்தான் திரும்பி வருகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் மிகுந்த இந்தப் பகுதியில், விமானம் ஏறுவதற்குள் பெயரைச் சரிசெய்து தாருங்கள் என்ற வேண்டுகோள் நாள்தோறும் வருவது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது கன்னியாகுமரி மாவட்டம். நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர். இதனால் இங்கே மனுதாரர் தமக்கு வந்த பதிலை வரிவரியாகப் படிக்கிறார். விதி எண்ணைக் கேட்கிறார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதுகிறார். முப்பது நாளுக்குள் பதில் போகாவிட்டால் தண்டம் பொதுத் தகவல் அலுவலருக்கு, நாளொன்றுக்கு 250 ரூபாய். ஆனால் இருபது வருஷத்துக் கோப்புகளைத் தூசியில் தேடிப் பக்கம் எண்ணி நகலெடுக்கிறவர் உதவியாளர். இந்த விழிப்பு நாட்டுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. விழிப்புள்ள பிரஜைகளுக்குப் பணி செய்யத் தக்க அளவில் ஆட்களை நியமிக்காததே குறை. படித்தவர் விதி எண்ணோடு வருகிறார்; படிக்காத கிழவியோ, "எனக்க பேப்பர் எந்த மேசையில கெடக்கு மக்களே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். இருவருக்கும் ஒரே பொறுமையோடு பதில் சொல்ல வேண்டும். நாளின் இறுதியில் அந்தப் பொறுமை தளர்ந்து ஒரு கடுஞ்சொல் வந்துவிட்டால், அன்று முழுவதும் செய்த காரியங்கள் யாவும் மறைந்து அந்த ஒரு சொல்லே ஊரில் நிற்கும்.

இந்த வேலை எவ்வளவு கனமானது என்பதை 2017 நவம்பர் 30ஆம் தேதி வீசிய ஒக்கிப் புயல் காட்டியது. புதுக்கடைக்கு அப்பால் உள்ள தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களில் பலர் திரும்பவில்லை. எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கணக்கிலேயே அரசுக்கும் மீனவர் அமைப்புகளுக்கும் இடையே வேறுபாடு இருந்தது. ஒருவர் ஏழு ஆண்டுகள் தகவலின்றிப் போனால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டநிலை. அந்தக் குடும்பங்களோ ஏழு வாரங்கள்கூடத் தாங்க முடியாத நிலையில் இருந்தன. மாநில அரசு குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தபோது, அந்தத் தொகை உரியவர் கையைச் சேர்வதற்கு முன்னால், பெயர், தகப்பனார் பெயர், படகின் பதிவு எண், வாரிசுகள், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் பட்டியலில் ஏற வேண்டியிருந்தது. எதிரே அழுதுகொண்டு நிற்கிற ஒரு பெண்ணிடம், உங்கள் கணவரின் பெயர் குடும்ப அட்டையில் ஒருவிதமாகவும் ஆதாரில் ஒருவிதமாகவும் இருக்கிறதே என்று கேட்க வேண்டிய கட்டாயம் ஒரு மனிதருக்கு நேர்வதைப் போன்ற துன்பம் வேறில்லை. கேட்காமல் விட்டால் பணம் நின்றுபோகும். கேட்டால் கல்நெஞ்சர் என்ற பெயர் வரும். பேரிடருக்குப் பின் படகோட்டிகளையும் மீட்புப் படையினரையும் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு முற்றிலும் தகும். பட்டியலைப் பிழையில்லாமல் தயாரித்தவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

தனியார் துறையில் சிரமத்தின் முகம் வேறு. இவ்வட்டாரத்தில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்றே சொல்வார்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தோல் நீக்கிய பருப்பின் எடைக்கேற்பக் கூலி. அந்த எடையை ஆள்வாரியாக அன்றன்றே எழுதி வைக்கிற உதவியாளர், வருங்கால வைப்பு நிதிப் பணத்தையும் தொழிலாளர் ஈட்டுறுதிப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தக் கணக்குத் தயாரிக்க வேண்டும். சரக்கு சேவை வரிக் கணக்குக்குத் தனித் தேதிகள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே கூலி பற்றிய பேச்சு எழும்போது இரு தரப்பும் பார்ப்பது அவர் எழுதிய பேரேட்டைத்தான். முதலாளியின் சம்பளத்தில் இருந்துகொண்டு, தம்மோடு ஒரே பேருந்தில் வருகிற பெண்களின் எடையை ஒரு கிராமும் குறையாமல் எழுதுவதற்கு நேர்மை மட்டும் போதாது. கொஞ்சம் துணிவும் வேண்டும். அரசு உதவியாளருக்கு இருக்கிற பணிப் பாதுகாப்பு இவருக்கு இல்லை. அரசு அலுவலகங்களிலேயே தொகுப்பூதியத்தில் அமர்த்தப்படும் கணினி இயக்குநர்களுக்கும் அது இல்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்; பக்கத்து நாற்காலியில் நிரந்தரப் பணியாளர் செய்கிற அதே வேலையைச் சிறு ஊதியத்துக்குச் செய்து, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கவலையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

1989இல் தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்கு முப்பது சதவீத இடஒதுக்கீடு வந்தபின் அலுவலகங்களின் தோற்றமே மாறியது. வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பேருந்தில் நெருக்கியடித்து வருகிற பெண் உதவியாளருக்கு, மார்ச் மாதத்துத் தணிக்கை நாட்களில் இரவு எட்டு மணிக்குத் திரும்புவது என்பது வேறொரு சோதனை. பழைய கட்டடங்கள் பலவற்றில் அவர்களுக்குத் தகுந்த கழிப்பறை வசதி செய்து தருவதற்கே நெடுநாள் ஆனது. இதை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். விட்டுவிடக் கூடாத விஷயம் இது.

இவற்றுள் உடனே பரிகாரம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரே விவரத்தைப் பல படிவங்களில் கேட்காமல் ஒரு முறை பெற்று எல்லாரும் பார்க்கும்படி வைப்பது மேலிடத்துக்கு அரிய காரியமன்று. காலியிடங்களை நிரப்புவது பணச் செலவைப் பொறுத்தது. அதில் அரசுக்குத் தயக்கம் இருக்கலாம். ஆனால் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்றைத் தள்ளிப்போட நேரமில்லை. மலையாளத்தில் எழுதிய பழைய பதிவுகளைச் சரளமாகப் படித்து, கொல்லம் ஆண்டைத் தவறின்றி மாற்றி, பழைய சர்வே எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்திக் காட்டவல்ல மூத்த பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களை மாவட்ட நிர்வாகம் அழைத்து, கிள்ளியூர், விளவங்கோடு, கல்குளம் தாலுகா அலுவலகங்களில் புதிதாகச் சேர்கிற இளநிலை உதவியாளர்களுக்குச் சில வாரங்களேனும் அந்தப் பதிவேடுகளை விரித்து வைத்துக் கற்பிக்கச் செய்ய வேண்டும். கற்பிக்கிறவருக்குத் தக்க மதிப்பூதியமும் தர வேண்டும். அது நடக்கும்வரை, பாட்டனார் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற மனுதாரர், அதைப் படித்துச் சொல்ல வெளியே எவருக்கேனும் காசு கொடுக்க வேண்டியவராகவே இருப்பார்.